தெரிஞ்ச கதைதானே!

புத்தகத் திருவிழாவில் நடக்கிறீர்கள். பெரம்பலூரோ அரியலூரோ, எந்த ஊர் மைதானமாகவும் இருக்கட்டும். தலைக்கு மேல் தகரக் கொட்டகை, ஓரத்தில் மிளகாய் பஜ்ஜி வாசனை. ஒரு ஸ்டாலில் காமிக்ஸ் அடுக்கியிருக்கிறார்கள். அட்டையில் ஒருத்தன் அந்தரத்தில் நிற்கிறான், வலது கால் நேராக நம் மூக்கைப் பார்த்து. எடுத்துப் புரட்டுகிறீர்கள்.

மலையடிவாரத்தில் ஒரு வெள்ளைத் தாடிக் கிழவர். குரு. நாலாம் பக்கத்தில் இவரைக் கொன்றுவிடுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். கொன்றுவிடுகிறார்கள். சிஷ்யன் அருவிக்கு அடியில் நின்று பயிற்சி எடுப்பான். எடுக்கிறான். அப்புறம் பத்து அடியாட்கள். பத்துப் பேரும் ஒரே நேரத்தில் விழுந்து அமுக்கினால் கதை அங்கேயே முடிந்தது. ஆனால் ரேஷன் கடை க்யூ மாதிரி, முன்னால் இருக்கிறவன் அடி வாங்கிச் சுருளும் வரைக்கும் அடுத்தவன் பொறுமையாக நிற்கிறான். கடைசியில் வில்லன். தன் திட்டத்தை ஆதியோடந்தமாக விளக்கிவிட்டுத்தான் கையை ஓங்குவான்.

லேசாகச் சிரித்துக்கொண்டு புத்தகத்தை வைத்துவிடுகிறீர்கள். 'எல்லாம் தெரிஞ்ச கதைதான்.'

நீங்கள் கணித்தது அத்தனையும் சரி. தீர்ப்பு சரியா என்பதைத்தான் இந்த வாரம் உங்களோடு கொஞ்சம் பேசிப் பார்க்கலாம் என்று இருக்கிறேன்.

சண்டைக் காமிக்ஸுக்கு ஒரு பக்கம் வீணடிக்க வேண்டுமா என்று கேட்காதீர்கள். ஒன்றை அதன் கூட்டத்தை வைத்து எடைபோடுவதா, தனியாக எடுத்து எடைபோடுவதா என்கிற பழைய வழக்குதான் இது. நேர்முகத் தேர்வில் ஊர்ப் பெயரைச் சொன்னதுமே, 'ஓ, பேக்வர்ட் ஏரியாவா?' என்று பாதி மார்க்கைக் குறைத்துவிடுகிறவர்களை இந்த இரண்டு மாவட்டத்துக்காரர்களும் நன்றாக அறிவார்கள். நாமும் பல நேரம் அந்த நாற்காலியில் உட்கார்கிறோம். புத்தகக் கடையில் உட்காரும்போது நமக்கு உறுத்துவதில்லை, அவ்வளவுதான்.

அரியலூர்க்காரர்கள் ஒரு விஷயத்தில் காமிக்ஸ் ஹீரோவுக்குச் சொந்தம். 2001 ஜனவரியில் தனி மாவட்டமாகப் பிறந்து, 2002 மார்ச் முடிவில் மறுபடி பெரம்பலூரோடு கரைந்து, 2007 நவம்பரில் உயிர்த்தெழுந்த மாவட்டம் அது. செத்த ஹீரோ திரும்பி வந்தால் நம்ப மாட்டோம் என்று அங்கே யாரும் சொல்ல முடியாது.

அரியலூர் மாவட்டத்தில் ஜெயங்கொண்டம் என்று ஓர் ஊர். பக்கத்திலேயே கங்கைகொண்ட சோழபுரம். பெயரைக் கேட்டதும் உங்களுக்கு ஜெயங்கொண்டார் ஞாபகம் வரும். (ஊரையும் புலவரையும் முடிச்சுப் போட்டுவிடாதீர்கள். அவருடைய ஊர் தீபங்குடி என்பார்கள்.) ஆனால் அவர் பாடிய முதலாம் குலோத்துங்கன் ஆட்சி செய்த தலைநகரம் இந்த மண்தான். தளபதி கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தை அடித்து நொறுக்கிய கதை, 'கலிங்கத்துப்பரணி'.

பரணியை விடவா ஃபார்முலா வேண்டும்? யாரைப் பாடலாம் என்பதற்கே பாட்டியல் நூல்கள் கணக்கு வைத்திருக்கின்றன. போரில் ஆயிரம் யானைகளை வீழ்த்தியவனாக இருக்க வேண்டும். எழுநூறு போதும் என்கிற தள்ளுபடியும் உண்டு. பிறகு வரிசை. கடை திறப்பு வர வேண்டும், பாலைக்காடு வர வேண்டும், காளி கோயில் வர வேண்டும், பேய்கள் பசியில் முறையிட வேண்டும், ஒரு கூளி வந்து போர்ச்செய்தி சொல்ல வேண்டும், கடைசியில் களத்தில் பேய்கள் கூழ் காய்ச்சிக் குடிக்க வேண்டும். கேட்கிறவனுக்கு அடுத்து என்ன வரும் என்று மனப்பாடம். அதற்கும் முன்னால் தொல்காப்பியர் போரையே வெட்சி, வஞ்சி, உழிஞை, தும்பை என்று திணை திணையாகப் பிரித்து, மாடு பிடிப்பதில் ஆரம்பித்து வெற்றிவரைக்கும் துறை போட்டு வைத்துவிட்டார். சண்டைக் கதைக்கு இலக்கணம் எழுதியே இரண்டாயிரம் வருஷத்துக்கு நெருக்கமாகிறது நமக்கு.

ஆனால் ஜெயங்கொண்டாரை யாரும் மூன்றாம் பக்கத்தில் மூடி வைப்பதில்லை. பேய்கள் கூழ் காய்ச்சும் என்பது எல்லாருக்கும் தெரியும்தான். எப்படிக் காய்ச்ச வைக்கிறார் என்பதில்தான் அந்த மனிதர் ஆள் காட்டுகிறார். எலும்பும் நிணமுமாகக் கிடக்கிற களத்தில் பேய்களை ஒரு கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி உட்கார வைத்து, பரிமாறி, கேலி பேசி, சாப்பிட வைக்கிறார். படிக்கிறவனுக்குச் சிரிப்பும் வருகிறது, வயிற்றைப் புரட்டவும் செய்கிறது. போரைப் புகழ்கிறாரா, போரின் மிச்சம் என்ன என்று காட்டுகிறாரா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாத ஒரு சந்தேகம் எனக்கு உண்டு. அந்தச் சந்தேகம் வருவதற்கு, எல்லாப் பரணியிலும் வருகிற அதே கூழ்தான் காரணம்.

பரணிக்கு ஒரு நியாயம், காமிக்ஸுக்கு ஒரு நியாயமா?

போன வருஷம் ஓர் ஆசிரிய நண்பர் பெரம்பலூரிலிருந்து வந்திருந்தார். பையிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்து வைத்தார். பள்ளியில் 'படக்கதை உருவாக்குவோம்' என்று ஒரு போட்டி. ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் இருபத்து நாலு பக்கத்துக்குச் சிலம்பக் கதை வரைந்திருக்கிறான். சுண்ணாம்புக்கல் லாரி, அப்பாவின் சாவு, மகனின் பயிற்சி, கடைசியில் பழிக்குப் பழி. நடுவர்கள் மூன்று பேர். முதல் சுற்றிலேயே ஓரம் கட்டிவிட்டார்கள். 'எல்லாம் சினிமாவுல பார்த்ததுதான் சார்' என்று ஒரே வரியில் காரணம்.

"நீங்களே பாருங்க சார். எனக்கு என்னமோ மனசு ஒப்பல" என்றார் நண்பர்.

பார்த்தேன். கதை நடுவர்கள் சொன்ன அதே கதைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த நோட்டில் ஒரு கம்பு இருந்தது. அப்பா விட்டுப்போன சிலம்பம். சிலம்பக் கம்பு ஆடுகிறவனின் நெற்றி உயரம் இருக்க வேண்டும் என்பது கணக்கு. முதல் பக்கத்தில் பையன் பக்கத்தில் அந்தக் கம்பு பனைமரம் மாதிரி நிற்கிறது. நாலு பக்கம் தள்ளி அவன் அதற்குப் பக்கத்தில் மறுபடி நிற்கிறான், கொஞ்சம் வளர்ந்திருக்கிறான். இன்னும் சில பக்கம், மறுபடி. வசனம் ஒன்றும் கிடையாது. பதினேழாம் பக்கத்தில் கம்பு சரியாக அவன் நெற்றிக்கு வந்து நிற்கிறது. அடுத்த பக்கத்தில் கிளம்பிவிடுகிறான்.

'பத்து வருடங்களுக்குப் பிறகு...' என்று கட்டம் கட்டிப் போடுகிற இடம் அது. சினிமாவாக இருந்தால் ஓடுகிற கால்களைக் காட்டிப் பெரியவனாக்கியிருப்பார்கள். இந்தப் பையனுக்கு அது தோன்றவில்லை, கம்பு தோன்றியிருக்கிறது. மூன்று நடுவர்களில் ஒருவர்கூட அதைப் பார்க்கவில்லை. பார்க்காததற்குக் காரணம் அவர்கள் கெட்டவர்கள் என்பதல்ல. இரண்டாம் பக்கத்தில் அப்பா செத்ததுமே அவர்களுக்குக் கதை தெரிந்துபோயிற்று. தெரிந்த பிறகு யார் பார்ப்பார்கள்?

முதல் பரிசு எதற்கு என்று கேட்டேன். 'மரம் நடுவோம்' கதைக்கு. ஒரு காடு, மரத்தை வெட்டுகிற பேராசைக்காரர், மழை பொய்க்கிறது, குழந்தைகள் கன்று நடுகிறார்கள், மழை பெய்கிறது. அந்தப் பிள்ளை அழகாகத்தான் வரைந்திருந்தாள், பரிசைப் பிடுங்கச் சொல்லவில்லை. ஆனால் சொல்லுங்கள், இந்தக் கதையை நீங்கள் எத்தனை முறை பார்த்திருப்பீர்கள்? சிலம்பக் கதையை விடக் குறைவாகவா?

இங்கேதான் எனக்கு விஷயம் உறுத்துகிறது. மரியாதையான இடத்தில் இருக்கிற வாய்பாடு நம் கண்ணுக்கு வாய்பாடாகவே தெரிவதில்லை. ஈஸிசேரில் சாய்ந்த ரிட்டயர்ட் கிளார்க், வெளிநாட்டு மகனின் போன், ஆறிப்போன காபி. இது எத்தனை தீபாவளி மலரில் வந்திருக்கிறது! அதை 'நுட்பமான சிறுகதை' என்கிறோம். வாராந்தரப் பத்தி எழுதுகிற என்னைப் போன்றவர்களுக்கும் ஒரு டெம்ப்ளேட் உண்டு. ஒரு நண்பர் வருவார், ஒரு நோட்டை எடுத்து வைப்பார். கவனித்திருப்பீர்கள்!

டோக்கியோ ஒலிம்பிக்ஸ் பார்த்தீர்களா? 2020-க்கு என்று வைத்து, கொரோனாவால் 2021-ல் நடத்தினார்களே, அதில் முதல்முறையாகக் கராத்தே சேர்த்தார்கள். அதில் கட்டா என்று ஒரு பிரிவு. எதிராளி கிடையாது. ஏற்கெனவே வகுத்து வைத்த அசைவு வரிசையைத் தனியாக ஆடிக் காட்ட வேண்டும். கூட்டமைப்பின் பட்டியலில் 102 கட்டாக்கள் இருந்தன, அதிலிருந்துதான் எடுக்கணும். சொந்தமாக ஓர் அசைவைச் சேர்த்துக்கொள்ள அனுமதி இல்லை. ஆண்கள் தங்கத்தை ஜப்பானின் ரியோ கியூனா வாங்கினார். அந்த நடுவர்களில் யாராவது 'இந்தக் கட்டாவை நிறையப் பார்த்தாச்சுப்பா' என்று மார்க்கைக் குறைத்திருப்பாரா? நிறையப் பார்த்தவர் என்பதால்தானே அவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்தார்கள். கால் எங்கே ஊன்றுகிறது, மூச்சு எங்கே விடுகிறான், திரும்பும்போது இடுப்பு பிந்துகிறதா... அதற்கு 70 சதவீதம் நுட்ப மதிப்பெண், 30 சதவீதம் உடல்திறன். நிறையப் பார்த்தது அவருக்குக் கண்ணைக் கூர்மையாக்கியிருக்கிறது. நமக்கு மட்டும் ஏன் கண்ணை மூடிவிடுகிறது?

தமிழ்க் காமிக்ஸ் வாசகர்களுக்கு ஒரு பழைய சிநேகிதி உண்டு. 1984-ல் சிவகாசியிலிருந்து 'லயன் காமிக்ஸ்' தொடங்கியபோது முதல் இதழிலேயே வந்தவள், மாடஸ்டி பிளைஸி. 'கத்தி முனையில் மாடஸ்டி' என்று தலைப்பு. (அதற்கு ஒரு மாமாங்கம் முன்னாலேயே, 1972-ல் 'முத்து காமிக்ஸ்' இரும்புக்கை மாயாவியோடு கிளம்பியாகிவிட்டது.) மாடஸ்டி வெறுங்கையால் அடிப்பாள், கையடக்கக் கட்டையால் நரம்பு பார்த்துத் தட்டுவாள். கூட்டாளி வில்லி கார்வின் கத்தி வீசுவான். மேலோட்டமாகப் பார்த்தால் ஜேம்ஸ் பாண்டுக்குப் பாவாடை கட்டிவிட்ட கதை. அப்படித்தான் பலரும் ஒதுக்கினார்கள்.

அவளை 1963-ல் லண்டன் பத்திரிகைக்காக உருவாக்கியவர் பீட்டர் ஓ'டானல். இரண்டாம் உலகப் போரில் ஈரான் பக்கம் சிப்பாயாக இருந்தபோது, 1942-ல், தனியாக நடந்து வந்த ஓர் அகதிச் சிறுமியைப் பார்த்திருக்கிறார். யாருமில்லாத குழந்தை. அவர்கள் கொடுத்ததைச் சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்து நடந்து போய்விட்டாளாம். அந்தக் குழந்தை பிழைத்து வளர்ந்திருந்தால் என்னவாகியிருப்பாள் என்ற கேள்விக்கு இருபது வருஷம் கழித்து அவர் எழுதிய பதில்தான் மாடஸ்டி. இன்னொன்றையும் கவனியுங்கள். மாடஸ்டியும் வில்லியும் ஒருவருக்காக ஒருவர் உயிரைக் கொடுப்பார்கள், ஆனால் கடைசிவரை காதலர்கள் ஆவதில்லை. எந்த இரண்டு பேரை ஒரு கதையில் சேர்ந்து ஓடவிட்டாலும் மூன்றாவது ரீலில் டூயட் வைக்கிற உலகத்தில், இப்படி ஒரு சிநேகத்தை முப்பது வருஷத்துக்கு மேல் காப்பாற்றிக் காட்டியிருக்கிறார் மனிதர். மூன்றாம் பக்கத்தில் மூடியவர்களுக்கு இது தெரியப்போவதில்லை.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு மாடஸ்டியைத் தெரியாது, 'டிராகன் பால்' தெரியும். அகிரா டோரியாமா 1984-லிருந்து 1995 வரை வரைந்தது. அவர் 2024-ல் காலமானபோது இங்கே எத்தனை இளைஞர்கள் ஸ்டேட்டஸ் வைத்தார்கள்! டிராகன் பாலில் ஒரு சண்டைப் போட்டி திரும்பத் திரும்ப வரும். ஹீரோ கோக்குதான் ஜெயிப்பான் என்று நமக்குத் தெரியும். முதல் போட்டியில் ஜெயிப்பதில்லை. ஜாக்கி சுன் என்று ஒரு கிழவரிடம் தோற்கிறான். அது யார் தெரியுமா? அவனுடைய சொந்த குருவே, மாறுவேஷத்தில். இந்த வயசிலேயே கோப்பை கிடைத்துவிட்டால் பையன்கள் தலைகால் புரியாமல் ஆடிவிடுவார்கள், உலகத்தில் தன்னைவிடப் பெரிய ஆள் இருக்கிறான் என்கிற எண்ணம் போய்விடும் என்று ஆசான் தானே வந்து தட்டிப் போடுகிறார். தோற்கடித்ததற்கு ஒரு நன்றிகூட வாங்கிக்கொள்ள முடியாத வேஷம். மகன் ஸ்டேட் ஃபர்ஸ்ட் வரவில்லை என்று அழுகிற அப்பாக்களுக்கு இந்த அத்தியாயத்தைப் படித்துக் காட்டலாம்.

நியாயமாகப் பார்ப்பது என்றால் எதைப் பார்ப்பது என்று கேட்பீர்கள். அரியலூரிலேயே அதற்கு ஓர் உதாரணம் மண்ணுக்குள் கிடக்கிறது. கோடிக்கணக்கான வருஷம் முன்னால் அங்கெல்லாம் கடல். பெரம்பலூர் பக்கம் காரை கிராமத்துச் செம்மண் ஓடைகளிலும், அரியலூர் சுண்ணாம்புச் சுரங்கங்களிலும் நத்தை மாதிரிச் சுருண்ட கல் கிடைக்கும். அம்மோனைட். நமக்கு ஒன்றைப் பார்த்தால் நூறு பார்த்த மாதிரி. எல்லாம் ஒரே சுருள். நிலவியல் படித்தவரிடம் கொடுங்கள். மேல்பக்கத்து வரிகளையும் ஓட்டில் அறைகள் ஒட்டுகிற இடத்தில் ஓடுகிற கோணல்மாணல் கோட்டையும் பார்த்தே இனத்தைப் பிரித்துச் சொல்வார். எந்த அடுக்குப் பாறை, எந்தக் காலம் என்றும் சொல்வார். பிளான்ஃபோர்டு என்ற வெள்ளைக்காரர் 1862-லேயே இந்தப் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என்று மூன்று தொகுதியாகப் பிரித்து வைத்தார். சுருளைப் பார்த்து அலுத்துப்போயிருந்தால் அரியலூர் பேர் உலகப் புவியியல் புத்தகங்களில் ஏறியிருக்காது.

சண்டைக் காமிக்ஸில் நான் பார்க்கிற கோடுகள் சில உண்டு. அடி விழுந்தவனுக்கு அடுத்த பக்கத்திலும் வலிக்கிறதா? நாலு பேர் மோதும்போது யார் எங்கே நிற்கிறார்கள் என்று எனக்குப் புரிகிறதா, அல்லது வெறும் கோடும் 'டமால்' சத்தமும்தானா? ஜெயித்தவன் எதையாவது இழந்தானா? எதிராளிக்குச் சண்டை போட ஒரு காரணம் இருக்கிறதா? குரு சாவது பிரச்னையே இல்லை. அவர் சாவதற்கு முன்னால் எனக்கு அவரைப் பிடித்துப்போனதா என்பதுதான் கேள்வி.

அலட்சியமான தீர்ப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஒரு கதை. அமெரிக்காவில் ஃபிரெட்ரிக் வெர்தம் என்று ஒரு மனநல மருத்துவர். ஏழைப் பிள்ளைகளுக்குச் சேவை செய்த நல்லவர்தான். 1954-ல் காமிக்ஸ்தான் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று புத்தகம் எழுதினார். அதே வருஷம் செனட் விசாரணை, பதிப்பாளர்களே தங்களுக்குப் போட்டுக்கொண்ட தணிக்கைச் சட்டம், தொழிலில் எத்தனையோ பேருக்கு வேலை போனது. அவருடைய காகிதங்கள் பிற்பாடு ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டபோது கரோல் டில்லி என்ற பேராசிரியை உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்த்தார். பிள்ளைகள் சொன்னதை வெட்டியும் ஒட்டியும் தம் முடிவுக்குத் தோதாக மாற்றியிருக்கிறார் டாக்டர் என்று 2012-ல் எழுதினார். முடிவு முன்பே தெரிந்துவிட்ட நடுவர், சாட்சியைக்கூடத் திருத்துவார்.

ஆனால் ஒன்று. இதையெல்லாம் கேட்டுவிட்டு, 'சரிப்பா, சண்டைக் காமிக்ஸ்தானே, ஜாலியா இருந்தா போதும்' என்று தோளில் தட்டிக்கொடுக்கக் கிளம்பாதீர்கள். அதுவும் அதே அவமரியாதைதான், கொஞ்சம் சர்க்கரை தூவியது. சலுகை மார்க் யாருக்கு வேண்டும்? சில வாய்பாடுகள் வெறும் பழசு இல்லை, அழுகினவை. மார்வெலின் குங்ஃபூ வீரன் ஷாங்-சி 1973-ல் வந்தபோது அவனுக்கு அப்பாவாகக் கொடுத்தது ஃபூ மாஞ்சு என்ற பழைய நாவல் வில்லனை. சீனாக்காரன் என்றாலே சூழ்ச்சிக்காரன் என்று வெள்ளைக்காரனைப் பயமுறுத்தப் பிறந்த பாத்திரம் அது. நாம் ஆசையாகப் படித்த மாண்ட்ரேக் கதைகளையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆரம்ப காலத்து லோதர் சிறுத்தைத் தோலைக் கட்டிக்கொண்டு, எஜமான் சொன்னதைச் செய்கிற கறுப்பு வேலையாள். 1960-களில் ஃபிரெட் ஃபிரெடரிக்ஸ் வரைய வந்தபிறகுதான் அவன் சரிசமமான நண்பனாக நடமாட ஆரம்பித்தான். அதே தொடரில் சமையற்காரர் ஹோஜோ அடுப்படியில் நிற்கிற கராத்தே மன்னர், ரகசியமாக ஓர் உலக உளவுப் படைக்கே தலைவர். வேலைக்காரன் என்ற வாய்பாட்டை வைத்தே வாய்பாட்டைக் கவிழ்த்த இடம் அது.

பெரம்பலூர் நோட்டிலும் எனக்குப் பிடிக்காத பக்கங்கள் இருந்தன. ஹீரோ வெள்ளையாக இருக்கிறான். அடியாட்களைப் பையன் பென்சிலை அழுத்தித் தேய்த்துக் கறுப்பாக்கியிருக்கிறான். அவனும் அவன் தெருவும் அந்த நிறம்தான் என்றார் நண்பர். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்க வேண்டியதில்லை, எல்லா போஸ்டரும் சொல்லிக் கொடுத்ததுதான். வில்லனுக்குப் பெயரே கிடையாது. இருபத்து நாலு பக்கமும் 'லாரி ஓனர்', 'லாரி ஓனர்'.

பரணியில் ஒரு மரபு இருக்கிறது, முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். நூலுக்கு ஜெயித்தவன் பெயரை வைப்பதில்லை. தோற்றவர் பெயரால்தான் பரணி. சோழன் ஜெயித்தான், ஆனால் அது கலிங்கத்துப்பரணி. நண்பர் நோட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டபோது இதை அவரிடம் சொன்னேன். கம்பு வருகிற பக்கங்களைத் தொட வேண்டாம், அப்படியே இருக்கட்டும். அடியாட்களின் நிறத்தைப் பற்றி அவனிடம் ஒரு வார்த்தை பேசுங்கள். முக்கியமாக, அந்த லாரி ஓனருக்கு ஒரு பெயர் வைக்கச் சொல்லுங்கள். முடிந்தால் ஒரு வீடும், வாசலில் அவருக்காகக் காத்திருக்க ஓர் ஆளும்.